“போயிற்று” என்னும் சொல்லும் வீட்டுக் காப்பீடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் நாடகமும் இடம் பெறுதல் வழக்கம். அவற்றின் நடுவே, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலந்தள்ளும் நம்மை எழுப்பி, “வீட்டிலுள்ள நகைநட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா இல்லையா என்பதை எல்லார்க்கும் விளங்கும்படி சொல்லுங்கள்” என்று செயலாளர் அவர்கள் பணித்துவிட்டார்கள். நாம் மெட்ரிக் அளவே படித்தவர்; சட்டம் பயின்றவர் அல்லர். ஆயினும், பிறர் நம்பி ஒப்படைக்கும் பொருளுக்கு இரயில்வே எப்போது பொறுப்பு, எப்போது பொறுப்பன்று என்னும் விதிகளோடு பார்சல் அலுவலகத்தில் பல்லாண்டு பழகியவர். அந்தப் பழக்கமே இங்கு நிற்பதற்கு நமக்குள்ள தகுதி.

அன்பர்களே! நமது பேச்சு வழக்கில் “போயிற்று” என்றொரு சொல் உண்டு. திருடன் அலமாரியை உடைத்துச் சங்கிலியை எடுத்துச் சென்றாலும் “சங்கிலி போயிற்று” என்போம். வெள்ளம் பெட்டியை அடித்துச் சென்றாலும் “பெட்டி போயிற்று” என்போம். மின்சார இரயில் நெரிசலில் கழுத்திலிருந்து நழுவினாலும், கல்யாண வீட்டில் கழற்றி வைத்த இடம் மறந்தாலும், அடகுக் கடையில் மூழ்கினாலும் அதே சொல்தான். இழந்தவர்க்கு எல்லாம் ஒன்றே. வயிற்றெரிச்சலில் வேறுபாடு இல்லை. ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் மேசைமேல் இவை ஒன்றல்ல. ஒன்றுக்கு ஈடு கிடைக்கும். மற்றொன்றுக்கு வேறு பத்திரம் வேண்டும். இன்னொன்றுக்கு வீட்டுக் காப்பீட்டில் வழியே இல்லை. “எப்படிப் போயிற்று?” என்று கேட்டால் விடை சொல்ல இயலாத இழப்புக்கு ஈடு இல்லை. இதுவே நாம் இன்று சொல்ல வந்த செய்தி.

இச்செய்தி நமக்கு ஏன் முக்கியம்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தாராவிக்கு வந்து சேர்ந்தனர். அலுவலகப் பணிக்கு வந்தோர் மாட்டுங்காவில் குடியேறினர். அவர்தம் பிள்ளைகளுக்கென 1932-ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்குப் பள்ளி தொடங்கிற்று. பின்னர்ச் செம்பூரிலும் நம்மவர் பெருகினர். எங்கு வாழினும் நம் வழக்கம் ஒன்று. மாதச் சம்பளத்தில் மிஞ்சியதைக் குண்டுமணி குண்டுமணியாகப் பொன்னாக்கி வைப்போம். மகள் திருமணத்துக்கு அதுவே சீர். மகன் கல்லூரிக்கு அதுவே அடகு. பிணி வந்தால் அதுவே மருந்துச் செலவு. பத்தடி அறையில் ஐந்து பேர் படுத்துறங்கும் வீட்டிலும் இரும்பு அலமாரியின் உள்ளறையில் ஒரு குடும்பத்தின் இருபதாண்டு உழைப்பு ஒரு கைக்குட்டையில் முடிந்து கிடக்கும். அது போயிற்றென்றால் ஒரு பெண்ணின் திருமணமே தள்ளிப் போகும்.

காப்பீட்டின் அடிப்படையை முதலில் காண்போம். 2005-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாளை இந்நகரில் வாழ்ந்த எவரும் மறவார். அன்று சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நாளில் இதே நகரின் தென்கோடியாகிய கொலாபாவில் பதிவான மழை 73 மில்லிமீட்டரே. மித்தி ஆறு பெருகி அதன் கரையோரப் பகுதிகளெல்லாம் நீரில் மூழ்கின. தெற்கே பல தெருக்கள் நனைந்ததோடு சரி. துன்பம் எல்லார் வீட்டுக்கும் ஒரே நாளில் வருவதில்லை. ஆகையால் பலரும் சிறிது சிறிது செலுத்தி வைத்தால், எவர் வீட்டுக்குத் துன்பம் வந்ததோ அவர்க்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். காப்பீட்டின் தத்துவம் இவ்வளவே.

ஆனால் பொதுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது வரையறை வேண்டுமன்றோ? எப்பொருளுக்கு, எந்த நிகழ்ச்சியால், எவ்வளவு என்னும் மூன்றும் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். பொருளின் பெயர், நிகழ்ச்சியின் பெயர், தொகை ஆகிய மூன்றில் ஒன்று விடுபட்டாலும் கோரிக்கை நொண்டும்.

இது காப்பீட்டார் புதிதாகக் கண்டுபிடித்த தந்திரம் அன்று. நமது இரயில்வேயில் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்நெறி உண்டு. பொன், வெள்ளி, முத்து, நகை முதலிய விலையுயர்ந்த பொருள்களுக்கு அச்சட்டத்தில் தனி அட்டவணை இருந்தது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அத்தகைய பொருளை மூட்டைக்குள் வைத்து, உள்ளே இருப்பது இன்னது, விலை இன்னது என்று அறிவியாமல் ஒப்படைத்தவர்க்கு, அது தொலைந்தால் இரயில்வே பொறுப்பேற்காது என அச்சட்டம் எழுந்தபோதே விதித்திருந்தனர். இன்று நடைமுறையிலுள்ள 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மதிப்பை அறிவித்து, அதற்குரிய கூடுதல் கட்டணம் செலுத்தியவர்க்கு ஒரு பொறுப்பு. அறிவியாதவர்க்கு எடையைக் கொண்டு கணக்கிடும் சிறு பொறுப்பு. விலையைச் சொல்லாமல் பட்டுச் சேலையைச் சாக்கில் கட்டி அனுப்பினால் இழப்பீடு சாக்கின் எடைக்குத்தான் கிடைக்கும். வீட்டுக் காப்பீடும் இவ்வாறே.

இனி, நகை போகும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம்.

முதலாவது, தீயாலும் வெள்ளத்தாலும் போதல். முன்னர் ஒவ்வொரு நிறுவனத்தின் வீட்டுப் பத்திரமும் ஒவ்வொரு விதமாக இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து “பாரத் கிருஹ ரக்ஷா” என்னும் ஒரே மாதிரியான பத்திரத்தைத் தீக்காப்பு நடத்தும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் யாவும் வழங்குதல் வேண்டும் என்று ஆணையிட்டது. தீ, வெடிப்பு, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், பயங்கரவாதச் செயல், நீர்த்தொட்டியும் குழாயும் வெடித்து வழிதல் ஆகியன அதில் பெயர் சொல்லப்பட்ட நிகழ்ச்சிகளுள் அடங்கும்.

இங்கே தாய்மார்கள் சற்றுக் கூர்ந்து கேட்டல் வேண்டும். வீட்டுக் கட்டடத்துக்கு இப்பத்திரம் எடுத்தால், உள்ளிருக்கும் பொதுப் பொருள்களுக்கும் கட்டடக் காப்புத் தொகையில் நூற்றுக்கு இருபது விழுக்காடு, உச்ச அளவு பத்து இலட்சம் ரூபாய் வரை, தானே காப்பு உண்டு. பொதுப் பொருள் என்பது கட்டில், அலமாரி, குளிர்பெட்டி, தொலைக்காட்சி, துணிமணி போன்றவை. நகை அதில் சேராது! நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம், அரும்பொருள் போன்றவை “மதிப்புமிகு பொருள்கள்” எனத் தனி வகை. அதனைத் தனியே கேட்டுப் பெற்று, தனியே கட்டணம் செலுத்துதல் வேண்டும். “வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஆகவே நகைக்கும் இருக்கிறது” என்று எண்ணியிருப்போர் பலர். அலமாரிக்குக் காப்பு உண்டு. கேளாதவர்க்கு அதன் உள்ளறையிலுள்ள கைக்குட்டை முடிச்சுக்கு இல்லை.

கேட்டுப் பெற்றவர்க்கு ஒரு நன்மை உண்டு. மதிப்புமிகு பொருளுக்கு முன்கூட்டி ஒப்புக்கொண்ட மதிப்பே இழப்பீட்டுக்கு அடிப்படை. இப்பகுதியின் மொத்தத் தொகை ஐந்து இலட்சத்துக்கு மேற்படாமலும், எந்த ஒரு பொருளும் ஓர் இலட்சத்துக்கு மேற்படாமலும் இருந்தால் மதிப்பீட்டாளர் சான்றிதழும் தேவையில்லை. அதற்கு மேற்பட்டால் சான்றிதழ் வேண்டும். பொன் விலை ஏறியுள்ள இந்நாளில் ஓர் ஆரமே ஓர் இலட்சத்தைத் தாண்டிவிடும் ஆகையால், சான்றிதழுக்கு ஆயத்தமாக இருத்தல் நன்று. பத்தாண்டு வரை ஒரே பத்திரமாகவும் எடுக்கலாம். ஆனால் பழைய விலையில் எழுதிய தொகை புதிய விலைக்கு ஈடாகாது என்பதை நினைவிற் கொண்டு இடையிடையே திருத்திக் கொள்ளுதல் வேண்டும்.

மற்றொரு விதி இந்நகர மக்களுக்கென்றே எழுதினாற்போல இருக்கிறது. வெள்ளம் புகுந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவினர் வீட்டு மாடிக்குச் செல்கிறோம். நீர் வடிந்து திரும்பினால் கதவு திறந்து கிடக்கிறது. வெள்ளம் விட்டதைத் திருடன் கொண்டு போயினான். பத்திரத்தில் சொல்லிய நிகழ்ச்சி நேர்ந்து ஏழு நாள்களுக்குள், அதன் காரணமாகவே நிகழ்ந்த திருட்டும் இப்பத்திரத்தில் அடங்கும். எட்டாம் நாள் நிகழ்ந்தது அடங்காது. ஆகவே கிங் சர்க்கிளிலும் தாராவியிலும் தரைத்தளத்தில் குடியிருப்போர், வெள்ளத்தில் வெளியேற நேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் ஒருவரேனும் திரும்பிச் சென்று வீட்டைப் பார்த்து வருதல் நன்று.

இரண்டாவது, பூட்டை உடைத்துப் போதல். வெள்ளமும் தீயும் இன்றி, சாதாரண நாளில் திருடன் புகுந்தால் மேற்சொன்ன அடிப்படைப் பத்திரம் உதவாது. கன்னக்களவுக் காப்பு எனத் தனியே சேர்த்து வாங்குதல் வேண்டும். அல்லது பல பிரிவுகள் அடங்கிய இல்லத்தார் பத்திரத்தில் அப்பிரிவைத் தேர்ந்து கொள்ளுதல் வேண்டும். வாங்கினாலும் ஒரு நிபந்தனை உண்டு. பூட்டு, கதவு, கம்பி ஏதேனும் உடைபட்டிருக்க வேண்டும்; அல்லது வீட்டார்மேல் வன்முறை நிகழ்ந்திருக்க வேண்டும். 2004-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு கடைத் திருட்டு வழக்கில் இதனைத் தெளிவாக்கிற்று. பத்திரம் வலிந்து புகுதலைக் கூறுமாயின், வலிமையோ வன்முறையோ இல்லாத திருட்டுக்கு அப்பத்திரத்தின்கீழ் ஈடு இல்லை என்பது அத்தீர்ப்பு. 2016-ஆம் ஆண்டில் வேறொரு வழக்கிலும் அக்கருத்தே நிலைத்தது.

நம் குடியிருப்புகளில் பகலில் கதவைச் சாத்தும் வழக்கமே இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை உள்ளே வந்து விளையாடுவதும், எதிர் வீட்டு அக்காள் கேட்காமல் உப்பு எடுத்துச் செல்வதும் நமது வாழ்க்கையின் அழகு. ஆனால் திறந்த கதவு வழியே புகுந்தவன் எடுத்துச் சென்றது சட்டத்தின் கண்ணில் திருட்டே ஆயினும், கன்னக்களவுப் பத்திரத்தின் கண்ணில் இழப்பன்று. அண்டை வீட்டாரோடு கதவு திறந்தே இருக்கட்டும். அலமாரி மட்டும் பூட்டியிருக்கட்டும். சாவியைப் பூசையறைப் படத்தின் பின்னால் வைக்க வேண்டா. அவ்விடம் நமக்குத் தெரிந்தது போலவே திருடனுக்கும் தெரியும்.

ஊருக்குச் செல்வோர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று. கோடை விடுமுறையில் ஒரு திங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் செல்கிறோம். குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் வீடு ஆளின்றிக் கிடந்தால் திருட்டுக் காப்பு நின்றுவிடும் என்று சில பத்திரங்களில் விதி உண்டு. எத்தனை நாள் என்பதைப் பத்திரம் வாங்கும்போதே கேட்டு எழுத்தில் பெறுதல் வேண்டும்.

மூன்றாவது, பூட்டு உடையாமல் வீட்டுக்குள்ளேயே போதல். வீட்டார் ஒருவரே எடுத்து அடகு வைத்தல், உடன் தங்கியிருந்த உறவினர் எடுத்துச் செல்லுதல் இவ்வகை. குடும்பத்தாரின் கை பட்ட இழப்புக்குப் பெரும்பாலான பத்திரங்களில் ஈடு இல்லை. பணியாளர் எடுத்ததற்குச் சில பத்திரங்களில் உண்டு, பலவற்றில் இல்லை. இதனைச் சொல்லும்போது ஒரு வேண்டுகோளும் சொல்லியாக வேண்டும். நகை காணாமற் போனவுடன் வீட்டு வேலைக்கு வரும் ஏழைப் பெண்ணின்மேல் பழி சுமத்தும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. காப்பீட்டுத் தொகைக்காகச் சான்றில்லாமல் ஒருவர் பெயரைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தல் பாவம். பொய்யென்று அறிந்தே செய்தால் சட்டத்தின் முன் குற்றமும் ஆகும்.

நான்காவது, வழியில் போதல். இது நமது துறையைச் சார்ந்தது. ஊரில் திருமணம் என்றால் நகைகளை எல்லாம் ஒரு கைப்பையில் இட்டு, இரவெல்லாம் தலைக்கடியில் வைத்துக்கொண்டு செல்வோம். விடியும்போது பை இருக்காது. உடனே “இரயில்வே கொடுக்க வேண்டும்” என்பார்கள். 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 100-ஆம் பிரிவு சொல்வது யாதெனின், பதிவு செய்து இரசீது பெறாத பயணப் பொருளின் இழப்புக்கு இரயில்வே பொறுப்பன்று. பயணி தம் கைவசம் வைத்திருக்கும் பொருளாயின், இரயில்வே ஊழியரின் கவனக்குறைவாலோ தவறான செயலாலோ இழப்பு நேர்ந்தது என்று மெய்ப்பித்தால்தான் பொறுப்பு. 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் உச்ச நீதிமன்றம், இடுப்புக் கச்சையில் ஓர் இலட்சம் ரூபாய் வைத்துப் பயணம் செய்து இழந்தவரின் வழக்கில், நுகர்வோர் மன்றங்கள் அவர்க்குச் சார்பாகத் தந்த தீர்ப்பை நீக்கிற்று. தம் உடைமையைத் தாமே காக்க இயலாதபோது இரயில்வேயைப் பொறுப்பாக்குதல் இயலாது என்பது அதன் கருத்து.

வீட்டுப் பத்திரமும் இவ்விடத்தில் உதவாது; அது வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கே. வழியில் செல்லும் நகைக்கு “எல்லா இடர்க் காப்பு” என்னும் பிரிவு இல்லத்தார் பத்திரங்களில் உண்டு. அதில் ஒவ்வொரு நகையையும் தனித்தனியே பெயரும் மதிப்பும் எழுதிக் கொடுத்தால், அணிந்திருக்கும்போதும் எடுத்துச் செல்லும்போதும் தற்செயலாக நேரும் இழப்புக்கு ஈடு கிடைக்க வழி உண்டு. கட்டணம் சற்று மிகுதி. நிபந்தனைகளும் பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபடும். ஊர் செல்லும் ஆண்டிலேனும் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

ஐந்தாவது, இருந்த இடம் தெரியாமல் போதல். தீபாவளிக்கு அணிந்தோம், பொங்கலுக்குத் தேடினால் காணோம். இடையில் என்ன நடந்தது என்பது ஒருவர்க்கும் தெரியாது. பாரத் கிருஹ ரக்ஷாப் பத்திரம் இதனை வெளிப்படையாகவே விலக்குகிறது. வைத்த இடம் மறந்த பொருளுக்கும், குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியோடு பொருத்திக் காட்ட இயலாத மறைவுக்கும் ஈடு இல்லை. நாம் முன்னர்ச் சொன்ன “எப்படிப் போயிற்று?” என்ற கேள்வி இதுவே.

“ஆகவே நாங்கள் வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டோம்” என்று சிலர் நிம்மதியாக அமர்ந்திருப்பது தெரிகிறது. நல்லதே. ஆனால் அங்கும் எல்லை உண்டு. உச்ச நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தந்த தீர்ப்பை ஒட்டி, ரிசர்வ் வங்கி அவ்வாண்டு ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிட்டது. அவை 2022 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு அப்பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு. வாடகை மூவாயிரம் ரூபாய் என்றால் பொறுப்பு மூன்று இலட்சம். உள்ளே முப்பது இலட்சம் பெறுமான நகை இருந்தாலும் அவ்வளவே. வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் அசட்டை காரணமாயிருந்தாலன்றி, பொறுப்பும் இல்லை. உள்ளிருப்பதை வங்கி அறியாது. அதனை வங்கி இன்ஷூர் செய்வதும் இல்லை.

காப்பீட்டுக்குள் வாராத பொருள்கள் சிலவும் உண்டு. ரொக்கப் பணம், நாணயம், காசோலை, பொற்கட்டி, பதிக்கப்படாத மணிக்கல், பத்திரம், ஆவணம் ஆகியவை, பத்திரத்தில் வெளிப்படையாக எழுதினாலன்றி, பாரத் கிருஹ ரக்ஷாவில் அடங்கா. பொற்காசாக வாங்கிச் சேர்ப்போர் இதனை அறிதல் வேண்டும். பாட்டியின் காசுமாலையைப் பட்டியலில் எழுதும்போதும் “காசு” என்று மட்டும் எழுதாமல் “காசுமாலை, அணிகலன்” என்றே எழுதுக.

ஆவணங்களைப் பற்றித் தாராவி அன்பர்களுக்குத் தனியே சொல்ல வேண்டும். மறுசீரமைப்புத் திட்டத்தில் தரைத்தளத்துக் குடிகளுக்குத் தாராவியிலேயே கட்டணமின்றி வீடு கிடைப்பதற்கு, 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்னரே அங்குக் குடியிருந்தமைக்குச் சான்று வேண்டும். அத்தகைய குடும்பத்துக்குப் பழைய குடும்ப அட்டையும் மின்கட்டண இரசீதும் ஆரத்தினும் விலை மிகுந்தவை. அவை நனைந்து கூழானால் எந்தக் காப்பீடும் திருப்பித் தராது. அவற்றைப் படி எடுத்து, ஒரு படியை ஊரிலுள்ள உறவினரிடமும் ஒரு படியைக் கைப்பேசியிலும் வைத்திருத்தலே அவற்றுக்குரிய காப்பு.

இன்னும் இரண்டு ஐயங்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படுவன. செம்பூர் அடுக்கு மாடி வீட்டார், “எங்கள் கூட்டுறவு வீட்டுச் சங்கமே இன்ஷூர் செய்திருக்கிறது” என்பர். சங்கம் செய்தது கட்டடத்துக்கு. உங்கள் வீட்டினுள் இருக்கும் பொருளுக்கு அன்று. வாடகைக்கு இருப்போர், “வீடு எமதன்று, எமக்கு எப்படிக் காப்பு?” என்பர். கட்டடத்தை விடுத்துப் பொருள்களுக்கு மட்டும் பத்திரம் எடுக்கலாம். ஆனால் சுவரோ கூரையோ மரப்பலகை, தார்ப்பாய் போன்றவற்றால் ஆனதாயின் அதனை மறையாமல் சொல்லுதல் வேண்டும். வீட்டிலேயே அப்பளம் இடுவோரும், தோல் பை தைப்போரும் ஒன்றை அறிக. விற்பனைக்கு வைத்த சரக்கு வீட்டுப் பொருள் ஆகாது. அதற்குச் சிறு தொழிலாளர்க்கென 2021-ஆம் ஆண்டிலேயே வந்த “பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா” என்னும் வேறு பத்திரம் இருக்கிறது.

அடுத்தது சான்று. சிலப்பதிகாரத்தை நாம் ஆண்டுதோறும் இம்மேடையில் போற்றுகிறோம். அக்கதையின் உயிர்நிலை எது? ஒரு நகை எவருடையது என்பதை மெய்ப்பித்தல். அரசியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். அந்த அடையாளம் கோவலன் உயிரோடிருக்கும்போதே அவையில் எடுத்துரைக்கப்பட்டிருந்தால் ஒரு நகரம் எரிந்திராது. இழந்த பின்னர் அடையாளம் தேடுதல் காலங்கடந்த செயல். ஆகவே இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நகையின் பெயர், எடை, கல், செய்த ஆண்டு, வாங்கிய இடம் ஆகியவற்றை எழுதுக. வெள்ளைத் துணிமேல் வைத்து ஒவ்வொன்றையும் படம் எடுக்க. கடைச் சீட்டைப் பத்திரப்படுத்துக. 2021-ஆம் ஆண்டு முதல் முத்திரையிட்ட பொன் நகைகளில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறி பொறிக்கப்படுகிறது. அதனையும் எழுதி வைக்க. பாட்டி காலத்து நகைக்குச் சீட்டு இராது. அதற்கு அரசு ஒப்புதல் பெற்ற மதிப்பீட்டாளரின் சான்று உதவும். நோட்டுப் புத்தகத்தை நகை இருக்கும் அலமாரியிலேயே வைத்துவிட வேண்டா!

இழப்பு நேர்ந்தால் செய்ய வேண்டுவன நான்கு. உடைந்த பூட்டைத் தொடாமல் படம் எடுத்தல். திருட்டாயின் உடனே காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து படி பெறுதல். தாமதியாமல் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவித்தல். நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்குமுன் சேதமான பொருளை எறியாதிருத்தல். ஓடும் இரயிலில் திருட்டு நேர்ந்தால் பயணத்தை முறிக்கத் தேவையில்லை. டிக்கெட் பரிசோதகரிடமோ வண்டியில் வரும் பாதுகாப்புப் படையினரிடமோ முறையீட்டுப் படிவம் பெற்று எழுதித் தரலாம். எல்லாவற்றிலும் “காணோம்” என்று எழுதாமல், நடந்ததை நடந்தவாறே, நேரத்தோடும் இடத்தோடும் எழுதுக. நடவாததை ஒரு சொல்லும் சேர்க்க வேண்டா. ஒரு பொய் முழுக் கோரிக்கையையும் கெடுத்துவிடும்.

நிறுவனம் மறுத்தால் மனம் தளர வேண்டா. முதலில் அந்நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுக. ஒரு திங்களுக்குள் விடை வராவிட்டாலும், வந்த விடை நிறைவு தராவிட்டாலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். மும்பையிலும் அவர்க்கு அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. ஐம்பது இலட்சம் ரூபாய் வரையுள்ள இழப்பீட்டுப் பூசல்களை அவர் ஆராயலாம். ஓராண்டுக்குள் செல்லுதல் வேண்டும் என்பதே நினைவிற் கொள்ளத்தக்கது.

“ஆண்டுதோறும் கட்டிக்கொண்டே இருந்தால் பணம் திரும்பி வருமா?” என்று கேட்பீர்கள். வாராது. சீட்டுப் பணம் திரும்பி வரும். காப்பீட்டுக் கட்டணம் திரும்பாது. இரவுக் காவலாளிக்குக் கூலி கொடுக்கிறோம். திருடன் வரவில்லை என்று கூலியைத் திருப்பிக் கேட்பதில்லை. எல்லார்க்கும் எல்லாப் பிரிவும் வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. இரண்டு பவுன் உள்ளவர் நல்ல பூட்டும் நல்ல பட்டியலும் வைத்தால் போதும். இருபது பவுன் உள்ளவர் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

“பெருந்துன்பம் வந்தால் அரசு கொடுக்காதா?” என்பார் சிலர். கொடுத்ததும் உண்டு. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் பொற்கட்டிகளும் ஏற்றி வந்த “போர்ட் ஸ்டிகைன்” என்னும் கப்பல் வெடித்து, துறைமுகத்தை அடுத்த பகுதிகள் எரிந்தன. அவ்வாண்டே அரசு தனி அவசரச் சட்டம் பிறப்பித்து இழப்பீடு வழங்கிற்று. ஆனால் அது நகரமே அதிர்ந்த நாள். நம் வீட்டு அலமாரி ஒன்று உடைபட்ட இரவுக்காக எந்த அரசும் அவசரச் சட்டம் பிறப்பிப்பதில்லை.

பாட்டி அணிந்த அட்டிகையை எந்த நிறுவனமும் திருப்பித் தர இயலாது. தரக்கூடியது பணமே. ஆனால் அப்பணம் ஒரு மகளின் திருமணத்தைக் குறித்த நாளில் நடத்தி வைக்கும். ஒரு மகன் கல்லூரியிலிருந்து திரும்பி வாராமல் காக்கும். கடல்போன்ற இந்நகரில் உறவும் நிலமும் இன்றி உழைத்துச் சேர்த்த நமக்கு அது சிறிய உதவியன்று.

ஆகவே சங்கத்துக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்று. ஒவ்வோராண்டும் மே திங்களில், மழைக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பட்டியல் நாளாக வைப்போம். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள், தெரியாத தாய்மார்களுக்கு அவரவர் வீட்டிலேயே பட்டியல் எழுதிக் கொடுக்கட்டும். பத்திரம் வைத்திருப்போர்க்கு அதில் உள்ளதையும் இல்லாததையும் தமிழில் படித்துச் சொல்லட்டும். தமிழ் கற்றதன் பயன்களில் அதுவும் ஒன்று.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!